காய் எண்ணும் மாசாணத்தின் குரல்

மாசாணத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. அவருடைய வேலையைப் பறித்தவன் நான்தான். ஆனால் அவர் தொண்டைக்குள் ஊசி போட்ட அன்று பக்கத்தில் நின்றவனும் நான்தான். அதனால் இதை வேறு யாரும் எழுத முடியாது.

என் பெயர் ஜபருல்லா. கோயமுத்தூர் கோட்டைமேட்டில் வீடு, தேங்காய் வியாபாரம். உடுமலைப்பேட்டைப் பக்கம் தோப்புத் தோப்பாகப் போய் விலை பேசுவேன். பேசி முடித்ததும் காயை எண்ணி லாரியில் ஏற்ற வேண்டும். பேச்சில் நான் கெட்டிக்காரன் என்று வீட்டில் என் மனைவி பக்ருன்னிசாவைத் தவிர எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் பேசுவது பாதி வேலைதான். மீதிப் பாதி எண்ணுகிறவன் கையில் இருக்கிறது.

காய் எண்ணுவதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தோப்பில் காய் மலை மாதிரிக் குவிந்து கிடக்கும். எண்ணுகிறவர் குனிந்து கைக்கு இரண்டாக நாலு காயை எடுத்து அந்தப் பக்கம் வீசுவார். ஒரு வீச்சுக்கு ஓர் எண். முதல் வீச்சுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார், லாபம் என்பார். பிறகு ரெண்டு, மூணு என்று போய் இருபத்தஞ்சில் ஒரு நூறு முடியும். முடிந்ததும் எத்தனையாவது நூறு என்று கூவிவிட்டு, அடையாளத்துக்கு ஒரு காயைத் தனி வரிசையில் வைப்பார். குவியலுக்கு ஒரு பக்கம் தோப்புக்காரர், மறுபக்கம் வியாபாரி. இரண்டு பேர் காதிலும் எண் விழ வேண்டும். நடுவில் குரல் அறுந்தால் அந்த நூறு செல்லாது, மறுபடியும் லாபத்திலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் தொழிலில் இதுதான் சட்டம். கை சுத்தமாக இருந்தால் போதாது, தொண்டையும் சுத்தமாக இருக்க வேண்டும்.

மாசாணம் உடுமலைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோப்புக்குத் தண்ணீர் கட்டியே காலத்தைக் கழித்தவர்கள். அஞ்சாவதோடு படிப்பு நின்றது. எழுபத்து மூன்றாம் வருஷம் நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது காய் பொறுக்கிப் போடுகிற ஆளாக இருந்தார். அன்றைக்கு வழக்கமாக எண்ணுகிறவருக்குக் காய்ச்சல். லாரி நிற்கிறது, வாடகை ஏறுகிறது, எனக்குக் கோபமும் ஏறுகிறது. "எண்ணத் தெரிஞ்சவன் எவனாச்சும் இருக்கீங்களாப்பா" என்று கத்தினேன். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற ஒல்லியான ஆள், "நானு எண்ணிப் பாக்கட்டுங்களா" என்று கேட்டார். அந்தக் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இவன் எண்ணி எனக்கு எங்கே கேட்கப் போகிறது என்று நினைத்தேன்.

அவர் குவியலடிக்குப் போனார். துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். "லாபம்" என்றார். நாலாவது வரிசை மரத்திலிருந்த காக்காய்கள் எழுந்து பறந்தன. பொய் சொல்லவில்லை, எண்ணிக்கை வேண்டுமானால் கூடக் குறைய இருக்கும், பறந்தது நிஜம்.

அன்றிலிருந்து இருபது வருஷம் என் காயை அவர்தான் எண்ணினார். அவர் குரலில் இனிமை எல்லாம் கிடையாது. கணீரென்று, விளிம்பு உடையாமல், ஒரு தோப்பு தாண்டி அடுத்த தோப்புக்குப் போகும். அவர் மனைவி நாச்சியம்மாள் மதியச் சோறு கொண்டுவரும்போது எந்தத் தோப்பு என்று யாரையும் விசாரிக்க மாட்டார். சாலையில் நின்று காது கொடுப்பார், குரல் வரும் திசையில் நடப்பார்.

தொண்ணூற்று மூன்றில் மாசாணத்தின் கழுத்தில் ஒரு கழலை. எலுமிச்சை அளவில் இருந்தது மாங்காய் அளவுக்கு வளர்ந்தது. விழுங்க முடியவில்லை. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கழலை போயிற்று, உயிர் பிழைத்தார், குரல் போய்விட்டது. குரல் நாணுக்குப் போகிற நரம்பு அந்தக் கழலையோடு ஒட்டிக் கிடந்ததாம். யார் மேலும் தப்புச் சொல்வதற்கில்லை. ஆனால் பேசினால் வெறும் காற்றுத்தான் வந்தது, ஓட்டை விழுந்த டியூபில் காற்றடித்த மாதிரி.

குரல் போனால் பேச்சு மட்டும் போகும் என்று நானும் நினைத்திருந்தேன். தண்ணீர் குடித்தால் புரை ஏறும். தலையை ஒரு பக்கம் சாய்த்து, மடக்கு மடக்காகக் குடிப்பார். மூட்டை தூக்க மூச்சை இறுக்கிப் பிடிக்க வேண்டுமே, அது நிற்காது, எடுத்த மூட்டை கீழே வந்துவிடும். ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூச்சுத் தீர்ந்துபோகும். எங்கள் பக்கம் மரியாதை எல்லாம் வாக்கியத்தின் வாலில், அந்த 'ங்க'வில்தான் இருக்கிறது. அது காற்றோடு போய்விட, மாசாணத்துக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று டீக்கடையில் நாலு பேர் பேசினார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் இருந்தும் அவர் பிழைப்பு ஆட்டம் கண்டது.

இனி என் பங்குக்கு வருகிறேன்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதத்தில் சென்னியப்பன் தோப்பில் காய் இறங்கியது. சென்னியப்பன் அந்தப் பக்கத்தில் பெரிய தோப்புக்காரர், கறாரானவர். மாசாணம் தானே எண்ணுவதாக வந்து நின்றார். எனக்கும் பாவமாக இருந்தது, சரி என்றேன். பத்து நூறு வரைக்கும் எப்படியோ இழுத்தார். பதினாலாவது நூறில், பதினெட்டாம் வீச்சில், குரல் சுத்தமாக நின்றுபோனது. கை நிற்கவில்லை. வாய் அசைய அசைய இருபத்தஞ்சு வரை வீசி, அடையாளக் காயை வரிசையில் வைத்தார்.

"பதிமூணுதான் ஆச்சு. கடைசி நூறு எனக்குக் கேக்கல" என்றேன்.

"பதினாலுங்க பாய்" என்று அவர் உதடு சொன்னது.

"கேக்கலேங்கறேன். கேக்காத நூறு எனக்கு எதுக்கு?" என்று கத்தினேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல முயன்றார். நான் அவர் மேலேயே பேசினேன். குரல் இல்லாதவன் மேல் ஏறிப் பேசுவதற்கு என்ன வீரம் வேண்டும்? தகராறு ஆகிவிட்டதால் எண்ணிப் போட்டதை முழுசாக மறுபடி எண்ணவைத்தோம், வேறு ஆளை வைத்து. பதினாலுதான் இருந்தது. மாசாணம் ஒரு காய் கூடத் தப்பவில்லை.

இருந்தாலும் சென்னியப்பன், "எண்ணுறவன் சொல்றது எங்காதுல உழுகோணும் பாய். அடுத்த தடவைக்கு ஆளை மாத்திப்போடுங்க" என்றார். மறு வாரம் நாச்சியம்மாள் ஒரு யோசனையோடு வந்தார். "அவரு வீசட்டுங்க, நானு பக்கத்துல நின்னு சொல்றனுங்க" என்றார். அதையும் சென்னியப்பன் ஒப்பவில்லை. கை ஒருத்தர், வாய் ஒருத்தர் என்றால் கணக்கு யாருடையது என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு வேறு ஆளைப் போட்டேன். மாசாணத்தை மட்டை அடுக்குகிற வேலைக்கு அனுப்பினேன். தூக்கமாட்டாத மனிதருக்குத் தூக்குகிற வேலை. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

ஏழெட்டு மாதம் அப்படியே போனது. அதிமதுரம், சித்தரத்தை, கற்கண்டு, யார் யாரோ சொன்ன கஷாயம் எல்லாம் குடித்துப் பார்த்துவிட்டார். ஒரு நாள் பக்ருன்னிசா, "மாசாணம் அண்ணனக் கூட்டிட்டுப் போயி டாக்டர்கிட்டக் காட்டலியா? இருபது வருஷம் அவர் தொண்டையிலதான நாம சாப்பிட்டோம்" என்றாள். அடித்திருந்தால் கூட அவ்வளவு வலித்திருக்காது. மறுநாளே உடுமலைக்கு பஸ் ஏறினேன்.

கோயமுத்தூரில் காது மூக்கு தொண்டை டாக்டர் கதிரேசன் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். குரல் நாண்கள் இரண்டு, கதவுப் பலகை மாதிரி. பேசும்போது இரண்டும் வந்து ஒட்ட வேண்டும். மாசாணத்துக்கு இடது பலகை செத்து ஓரமாகக் கிடக்கிறது. வலது பலகை வந்து தேடுகிறது, துணை இல்லை. நடுவில் சந்து. அந்தச் சந்தில்தான் குரல் காற்றாகப் போகிறது.

"நரம்பு தானா உயிர் வருதான்னு இத்தனை மாசம் பாத்தாச்சு, வரல. செத்த நாணுக்குள்ள ஊசியால ஒரு பசை ஏத்தலாம். அது உப்பி நடுவுக்கு வரும். நல்ல நாண் வந்து அது மேல ஒட்டிக்கும்" என்றார்.

"என்ன பசைங்க?" என்று நாச்சியம்மாள் கேட்டார்.

"டெஃப்லான்னு ஒண்ணும்மா. தோசை ஒட்டாம இருக்கத் தோசைக்கல்லுல பூசறாங்களே, அந்த வகை."

"ஒட்டாததப் போட்டா ஒட்ட வெக்கறீங்க?" என்றார் நாச்சியம்மாள். டாக்டர் சிரித்துவிட்டார். நானும் மாசாணமும் சிரிக்கவில்லை, எங்களுக்கும் அதே சந்தேகம்தான்.

பிறகு டாக்டர் முக்கியமான விஷயத்துக்கு வந்தார். மயக்க மருந்து கிடையாது. தொண்டையை மட்டும் மரக்க வைப்பார்கள். மாசாணம் நாற்காலியில் உட்கார்ந்து குரல் கொடுக்கக் கொடுக்க, அதைக் கேட்டுக்கொண்டே பசையை ஏற்ற வேண்டும். குறைவாகப் போனால் காற்றுத்தான் வரும். அதிகமாகப் போனால் மூச்சுப் பாதையே அடைத்துக்கொள்ளும், போட்ட பசையை எடுப்பதும் லேசில்லை. "எங்க நிறுத்தறதுன்னு அவரோட குரல்தான் எனக்குச் சொல்லணும். பழைய குரலை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் கூட இருந்தா நல்லது" என்றார்.

நாச்சியம்மாள் என்னைப் பார்த்தார். "ஊட்டுல அவரு சத்தமே போடமாட்டாருங்க. குவியலடிக் குரலு உங்களுக்குத்தான் தெரியும் பாய், நீங்க போங்க."

தொண்ணூற்று நாலு, தை மாதக் கடைசி. சின்ன அறை. மாசாணம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் நெற்றியில் கண்ணாடியைக் கட்டிக்கொண்டார். வளைந்த நீளமான ஊசி, அதன் பின்னால் ஒரு பிடி. பிடியை ஒருமுறை அழுத்தினால் டக் என்று சத்தம் வரும், ஒரு சொட்டுப் பசை இறங்கும். நாக்கை வெளியே இழுத்துப் பிடித்து, ஊசியை உள்ளே கொண்டுபோனார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். டக்.

ஊசியை எடுத்துவிட்டு, "இப்ப ஒண்ணு ரெண்டு சொல்லுங்க" என்றார்.

"லாபம்..." என்றது காற்று.

"ஒண்ணு எங்கீங்க?" என்று டாக்டர் குழம்பினார். நான் விளக்கினேன். "சரி, லாபமே இருக்கட்டும்" என்று மறுபடி ஊசியை எடுத்தார். டக். "லாபம், ரெண்டு, மூணு..." கொஞ்சம் குரல் கலந்திருந்தது. மூன்றாவது டக். இப்போது குரல் வந்தது, ஆனால் தாழ்வாக, அடங்கி, பக்கத்து அறைக்குக் கூடப் போகாத குரல்.

"சத்தமா சொல்லுங்க."

மாசாணம் அதே மாதிரிதான் சொன்னார்.

"இன்னும் சத்தமா. முடிஞ்ச வரைக்கும்."

அதே குரல். டாக்டர் யோசித்தார். "இன்னும் பத்தல போலிருக்கு. ஏத்தினா ஒரே ஒரு சொட்டு. அதுக்கு மேல எனக்குப் பயம்" என்று ஊசியைக் கையில் எடுத்தார்.

நான் அப்போதுதான் சுவரிலிருந்து கண்ணைத் திருப்பி மாசாணத்தை ஒழுங்காகப் பார்த்தேன். தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலை குனிந்திருந்தது. துண்டு கக்கத்தில். பேசும்போது வாயருகே கை. இந்தக் கோலத்தை நான் இருபது வருஷமாகப் பார்த்திருக்கிறேன். சென்னியப்பன் முன்னால் இப்படித்தான் நிற்பார், கணக்கு முடித்ததும் என் முன்னாலும் இப்படித்தான். பெரியவர்கள் முன்னால் குரலை உயர்த்தக் கூடாது என்று அவருக்கு நடக்கப் பழகியபோதே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இப்போது எதிரில் உட்கார்ந்திருப்பவர் டாக்டர். டாக்டரைப் பார்த்துக் கத்துவாரா மாசாணம்? குரல் வராமல் இல்லை. வந்த குரலை மரியாதைக்காக விழுங்கிக்கொண்டிருக்கிறார். அந்த அடங்கின குரலை நம்பி டாக்டர் இன்னொரு சொட்டை ஏற்றப் போகிறார்.

"டாக்டர், கொஞ்சம் நில்லுங்க" என்றேன். மாசாணத்திடம் விளக்கிச் சொல்லியிருக்கலாம். விளக்கியிருந்தால், "செரிங்க பாய்" என்று இன்னும் அடக்கமாகச் சொல்லியிருப்பார். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அவர் துண்டைக் கக்கத்திலிருந்து பிடுங்கி அவர் தலையில் போட்டேன்.

"என்ன மாசாணம், கணக்குல திருட்டா? எண்பத்தெட்டுக் காயை வீசிப்போட்டு நூறுங்கற. இருபது வருஷமா இப்படித்தான் என்னை ஏமாத்தினியா?"

மாசாணம் தலையை நிமிர்த்தினார். அவர் முகம் சிவந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

"நூறு இருக்குதுங்க பாய்" என்றார். மேஜை மேலிருந்த தட்டில் ஊசிகள் அதிர்ந்தன. "ஒரு காய் கொறஞ்சாலும் இந்தக் கைய வெட்டிப்போடுங்க. எண்ணிக் காட்டறன் பாருங்க. லாபம். ரெண்டு. மூணு. நாலு."

அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். அஞ்சு என்று சொல்லி நின்றார். கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தார். தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து ஆறு, ஏழு என்று தொடங்கி இருபத்தஞ்சு வரைக்கும் போனார். போகப் போகக் குரல் அகலமாகிக்கொண்டே போனது. கண்ணில் தண்ணீர் வழிந்தது, எண் மட்டும் தடங்கவில்லை. நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கதவு திறந்தது. நாச்சியம்மாள், நர்ஸ் தடுக்கத் தடுக்க உள்ளே வந்துவிட்டார். "நானு அந்தக் கோடியில தண்ணி புடிச்சிட்டிருந்தனுங்க" என்றார் டாக்டரிடம். "கேட்டுதுங்க. என்ற ஊட்டுக்காரரு குரலுங்க."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். "நாலாவது சொட்டு ஏத்தியிருந்தா மூச்சுக்குத் திண்டாடியிருப்பாரு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் வேர்த்திருந்தது. "இனி ஒரு வாரம் பேச்சே கூடாது. கத்தறது ரெண்டு மாசம் கழிச்சுத்தான்" என்றார். மாசாணம் உடனே துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

அவர்களைக் கொண்டுபோய்விட பஸ்ஸில் உடுமலைக்குப் போகும்போது யோசித்துக்கொண்டே போனேன். அந்த மனிதருக்குக் குரலை உயர்த்த உரிமை இருந்த இடம் உலகத்திலேயே காய்க்குவியல் ஒன்றுதான். அங்கே மட்டும் தோப்புக்காரரும் வியாபாரியும் வாயை மூடிக்கொண்டு அவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும். நான் அவரிடமிருந்து பறித்தது வேலையை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

சித்திரையில் சென்னியப்பன் தோப்பில் காய் இறங்கியது. மாசாணம்தான் எண்ணுவார் என்று சொல்லி அனுப்பினேன். "பாக்கலாம்" என்று மட்டும் பதில் வந்தது. அன்று காலையில் அக்கம்பக்கத்துத் தோப்பிலிருந்தெல்லாம் ஆட்கள் ஏதோ வேலை இருக்கிற மாதிரி வந்து நின்றார்கள். மாசாணம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குவியலடியில் குனிந்தார். மறுபடி ஒருமுறை குரல் அறுந்தால் இனி எந்தத் தோப்பும் அவரைச் சேர்க்காது.

"லாபம்."

அறுந்துபோகவில்லை. பழைய குரலில் இருந்த பளபளப்பு கொஞ்சம் குறைந்து, அடியில் ஒரு கரகரப்பு சேர்ந்திருந்தது. ஆனால் போய்ச் சேர வேண்டிய தூரம் போய்ச் சேர்ந்தது. பத்து நூறு, இருபது நூறு, அம்பது நூறு. நடுவில் ஒரு சொம்பு தண்ணீர், மறுபடி லாபம். மோட்டாரில் ஏதோ கோளாறு என்று சென்னியப்பன் நடுவில் எழுந்து தோப்பின் கோடியிலிருக்கும் மோட்டார் ரூமுக்குப் போனார். அவர் திரும்பி வந்தபோது கணக்கு முடிந்திருந்தது.

"எண்பத்தேழு நூறுங்க" என்றார் மாசாணம்.

சென்னியப்பன் புருவத்தைச் சுருக்கினார். "எண்பத்தெட்டு வரோணுமே. வருஷா வருஷம் இந்தக் குவியல் எண்பத்தெட்டுக்குக் கொறையாது. அடையாளக் காய் ஒண்ணு உருண்டு போச்சா?"

தோப்புக்காரர் ஒரு கணக்குச் சொன்னால் மற்றவர்கள், "பாக்கறனுங்க" என்று தலையைச் சொரிவதுதான் அந்த ஊர் வழக்கம். மாசாணம் துண்டைக் கழற்றவில்லை.

"உருளலீங்க" என்றார், எண்ணின அதே குரலில். "எண்பத்தேழாவது நூறு நானு சொல்றப்ப நீங்க மோட்டார் ரூமு வாசல்ல நின்னுட்டிருந்தீங்க. அங்க உங்களுக்குக் கேட்டிருக்குமுங்க. அதுக்கப்புறம் எண்பத்தெட்டுன்னு ஒரு சத்தம் கேட்டிருந்தாச் சொல்லுங்க, மொத்தக் குவியலையும் திரும்ப எண்ணறனுங்க."

சென்னியப்பன் அவரைப் பார்த்தார். மோட்டார் ரூமைத் திரும்பிப் பார்த்தார். இங்கிருந்து நூறு மரம் தாண்டி இருக்கிறது அது.

"கேட்டது எண்பத்தேழுதான்" என்றார். "ஏத்துங்கப்பா."

ஆட்கள் லாரிக்குக் காயைத் தூக்கத் தொடங்கினார்கள்.

"வடக்குக் குவியலையும் இப்பவே பாத்துப்போடலாமுங்களா?" என்று மாசாணம் சென்னியப்பனைக் கேட்டார். கணக்கு முடிந்துவிட்டிருந்தது, குரலைத் தாழ்த்த வேண்டிய நேரம் அது. அவர் தாழ்த்தவில்லை. தாழ்த்தச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.